அண்ணியின் ஊசிமுனை

அந்தக் காந்தம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எரிந்துபோன ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அண்ணன் பிடுங்கிக் கொடுத்தது. நடுவில் ஓட்டையோடு, உளுந்து வடை அளவில், கறுப்பாக ஒரு வட்டம். அண்ணி அதை மஞ்சள் ஜாக்கெட் துணி ஒன்றில் சுற்றித் தையல் மெஷின் மேல் வைத்திருப்பாள். அதே துணியோடு, அதில் ஒட்டியிருப்பவற்றோடு, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி நான் வைத்திருக்கிறேன். அப்படியும் அது சும்மா இருப்பதில்லை. இழுப்பறையைத் திறந்து மூடினால் போதும், மூலையில் கிடக்கும் ஸ்டேப்ளர் பின்னெல்லாம் பையின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பின்னை எடுத்துப் போட்டுவிடுவேன். பையை மட்டும் பிரிப்பதில்லை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சர். தினம் ஒரு சொல்லைப் பலகையில் எழுதி, அர்த்தம் சொல்லி, அதே அர்த்தம் தரும் வேறு சொற்களையும் எழுதிப் போடுவது என் வழக்கம். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் பெரிய ஆசை கிடையாது; நான் திட்டுவேன் என்பதற்காக எழுதிக்கொள்வார்கள். போன வாரம் பாடத்தில் வந்த சொல் எம்பெடட். "எம்பெடட்னா இன்னா மிஸ்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். கெட்டியாகப் பதிந்து நிற்பது என்றேன். ஃபிக்ஸ்ட், லாட்ஜ்ட், ரூட்டட், இன்கிரெயின்ட் என்று வரிசையாக எழுதிக்கொண்டே, பதிந்தது, புதைந்தது, வேர்விட்டது, ஊறிப்போனது என்று தமிழிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊறிப்போனது என்று சொல்லும்போது சாக்பீஸ் நின்றுவிட்டது. "அப்ப எடுக்கவே முடியாதா மிஸ்?" என்று அதே பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வேறொரு நாளாக இருந்தால் பாராட்டியிருப்பேன். "உக்காரு" என்றேன். மணி அடிக்கும் வரை பலகையைப் பார்த்தபடியே நின்றேன். வகுப்பில் அழுகிற டீச்சர் இல்லை நான். ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த்தான் அழுதேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பாடியில் வீடு. அண்ணன் அப்போது வேன் டிரைவர். நசரத்பேட்டை, பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துப்போய் விடுவான். அண்ணி நசரத்பேட்டையில் ஏறுவாளாம். தினமும் டிரைவருக்குப் பின் சீட்டிலேயே உட்கார்ந்தாளாம். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் சொன்னதில்லை. அம்மா முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். வேனில் ஏறியவளை வீட்டிலேயே இறக்கிவிட்டானே என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் வேறு. ஆனால் அண்ணி வந்த மாதத்திலேயே அம்மாவுடைய பழைய ரவிக்கைகள் எல்லாவற்றையும் பிரித்து, அளவெடுத்து, திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டாள். கை தூக்கினால் அக்குளில் பிடிக்காத ரவிக்கையை அம்மா தன் ஆயுளில் அப்போதுதான் போட்டாள். அதோடு சரி, சண்டை முடிந்தது.

என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள். கம்பெனி லேபிளில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை எல்லாம் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. அர்த்தம் மட்டும் என்னிடம் கேட்பாள். "நாங்க தைக்கிறதுல அவங்க இன்னா எழுதிக்கீறாங்கனு எங்களுக்கே தெர்ல பாரு" என்று சிரிப்பாள்.

கம்பெனியில் அவள் தைத்தது குழந்தைகள் உடுப்பு. கைக்குழந்தைகளுக்கான ஃபிராக். எங்கேயோ வெளிநாட்டுக்குப் போவது. அங்கே ஊசிக்கு ஒரு கெடுபிடி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்துவிட்டால், உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துச் சேர்த்துக் காட்ட வேண்டும். முழு ஊசியும் தெரிந்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைன் மெஷின்கள் மொத்தமும் நிற்கும்; யாரும் எழுந்து போக முடியாது. "எந்த ஊர்லியோ ஒரு கொழந்த அத்தப் போட்டுக்கினு படுத்துகினு இருக்கும் பாப்பா. அதுக்கு வாய் தொறந்து சொல்லத் தெரியுமா, இங்க குத்துதுன்னு?" என்பாள் அண்ணி.

இந்தக் கெடுபிடியை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வீட்டு மெஷினில் ஊசி உடைந்தால் போச்சு. "யாரும் அசையாதீங்க!" என்று ஒரு சத்தம். ஃபேனை நிறுத்த வேண்டும். அம்மா கையில் கரண்டியோடு அடுப்படி வாசலிலேயே நிற்பாள். உள்ளே வரக் காலெடுத்து வைத்த அண்ணன் ஒற்றைக் காலிலேயே நிற்பான். அண்ணி அந்தக் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்வாள். துண்டுகளை நியூஸ் பேப்பரில் வைத்துச் சேர்ப்பாள். கடைசித் துண்டு கிடைத்தால்தான் எழுந்திருப்பாள். "குழம்பு தீயுதுடி, ஊசி எஸ்போர்ட்டு கம்பெனியாண்ட பொறந்தவளே!" என்று அம்மா கத்துவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிக்காமல் இருந்தது அண்ணி ஒருத்திதான். ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி அடுத்த வருஷம் அண்ணி கர்ப்பமானாள். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் இடது ஆள்காட்டி விரலில் கட்டோடு வந்தாள். ஊசி ஏறிவிட்டது என்றாள். தையல்காரர்களுக்கு ஊசி ஏறுவது ஒரு பெரிய விஷயமில்லை. வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுகொண்டாள். உடம்பு முடியவில்லை என்றாள். மாசமானவள், நின்றால் நல்லதுதான் என்று அம்மாவும் சொன்னாள்.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அந்தத் துணிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன். முகம் நன்றாக இருந்தது குழந்தைக்கு. மூக்கு அண்ணன் மூக்கு. அண்ணி வீட்டுக்கு வந்தாள். பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் அடித்துக் கிடந்தாள். பால் வற்ற அம்மாதான் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே அம்மாவும் அழுவாள். அந்த வீட்டில் அந்த மாதம் எப்படிப் போனது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தேன். ஊசி ஏறிய அன்றைக்கு ஊசி உடைந்துவிட்டதாம். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத் துண்டை மெக்கானிக் அவள் விரலிலிருந்து உருவிவிட்டான். எல்லாம் வந்துவிட்டது என்றான். கட்டுப் போட்ட நர்ஸும் உள்ளே ஒன்றும் இல்லை என்றுவிட்டாள். ஆனால் தாளில் வைத்துப் பார்த்தால் முனை இல்லை. மேசையில் தேடினார்கள், தரையில் தேடினார்கள். பண்டில் பண்டிலாக ஃபிராக்குகளைப் பிரித்து உதறினார்கள். இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று கம்பெனியில் இருந்தது. அது அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். லாரி வந்து நிற்கிறது. சூப்பர்வைசர் லைனில் இருந்த பெண்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். விரல் தெறிக்கிறது. வாசலில் வேன் ஹாரன்.

"உங்க அண்ணன்தான் பாப்பா. எல்லாரையும் இட்டுகினு போவணும்ல, அடிச்சிகினே இருந்தாரு. எனக்கு ஊட்டுக்குப் போனா போதும்னு ஆயிட்ச்சு. மெஷின் ஓரத்துல ஒரு காந்தம் ஒட்டி வெச்சிருப்பாங்க. அதுல எப்பவோ ஒடஞ்ச பழைய முனை ஒண்ணு ஒட்டிகினு இருந்துது. அத்த எடுத்துத் தாள்ல வெச்சி, இதோ சார், கெடச்சிட்ச்சுனு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் கதை. லைனை விட்டார்கள், பண்டில் கட்டினார்கள், லாரி போனது. அண்ணி வேனில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் அந்த நிஜ முனை எங்கே? ஏதோ ஒரு ஃபிராக்கின் மடிப்பில். அந்த ஃபிராக் ஏதோ ஒரு குழந்தையின் உடம்பில். "அது கத்தியிருக்கும் பாப்பா. எதுக்குக் கத்துதுன்னு அவங்கம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. அதான் எங்கொழந்த கத்தவேயில்ல."

நான் கத்தினேன். "பைத்தியமா அண்ணி உனக்கு?" என்று மாடி அதிரக் கத்தினேன். அதற்குப் பிறகும் துணியைக் கையால் தடவிப் பார்ப்பார்கள், இஸ்திரி போடுவார்கள், அங்கே போய் இறங்கினால் அவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், முனை கீழே விழுந்து குப்பையோடு போயிருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். படித்த திமிர், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது என்னிடம். அவள் நான் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு, துணிகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஹாரன் அடிச்சத மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத" என்று படியிறங்கிப் போய்விட்டாள். வருஷக்கணக்கில் இந்தச் சண்டையை நான் அவளோடு போட்டேன். ஒரு நூல் அளவு கூட அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாரோ ஒருவருடைய குழந்தையைக் குத்திய பாவம், அதற்குத் தன் குழந்தைதான் கூலி என்று அவள் மனசில் பதிந்துபோயிற்று. பதிந்தது பதிந்ததுதான்.

பிறகு அவள் செய்த காரியம்தான் எங்களை உலுக்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்பர் டி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வந்தபிறகுதான் அண்ணனிடம் சொன்னாள். "எனக்குக் கொழந்த வேணாம். உனக்கு வேணும்னா வேற ஒருத்தியக் கட்டிக்க." அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். உறவெல்லாம் கூடிப் பேசியது. பெரியப்பா ஒருத்தர் வேறு பெண் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார். அண்ணன் அவரை வாசலிலேயே நிறுத்தினான். "எம் பொண்டாட்டி, எங்க ஊடு. உனக்கு இன்னா பெரீப்பா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஏன் வேண்டாம் என்கிறாள் என்று அவளிடம் அவன் கேட்டதேயில்லை. பிரசவத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கம்பெனி வேன் ஒப்பந்தம் போனபிறகு அவன் ஸ்கூல் வேன் ஓட்டினான். எந்தக் குழந்தைக்கு எந்தத் தெரு, யாருக்கு ஜன்னல் சீட் வேண்டும், யார் தூங்கிவிடுவார்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். டேஷ்போர்டில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். அந்தக் கடலை மிட்டாய் பாக்கெட்டை வாங்கி வந்து அவன் மேசையில் வைக்கும்போதெல்லாம் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தாள் அண்ணி. ரவிக்கை, சுடிதார், தலையணை உறை, எதுவானாலும் தைப்பாள். குழந்தைத் துணி மட்டும் தைக்கமாட்டாள். பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை தைக்க வேண்டும் என்று தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "எனக்கு அதெல்லாம் வராதும்மா" என்றுவிடுவாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கைக்குழந்தை ஃபிராக் தைத்தவள்! பிள்ளை இல்லாதவளுக்கு வயிற்றெரிச்சல் என்று பேசினார்கள். அது அவள் காதில் விழும்படியாகவே பேசினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும், சண்டைக்குக் கிளம்புவேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவாள்.

எனக்குக் கல்யாணமாகி வானகரம் போனேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணிக்குச் சர்க்கரை வந்தது, முடி நரைத்தது. அந்த இடது விரலில் நகம் எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். குளிர் நாளில் வலிக்கும் என்பாள். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அந்த விரல் நன்றாக வீங்கிவிட்டது. அண்ணன் காலையில் ஸ்கூல் டிரிப்பில் இருந்ததால் நான்தான் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "சின்ன மெட்டல் பீஸ். எம்பெடட். ரொம்ப வருஷமா இருக்கும் போல. வீக்கம் மாத்திரையிலேயே குறைஞ்சிடும். அதுக்கப்புறம் தொந்தரவு இல்லன்னா அப்படியே விட்டுடலாம், வேணும்னா எடுத்துடலாம்."

"இன்னா பாப்பா சொல்றாரு?" என்றாள் அண்ணி.

வாய் தானாகப் பாடம் நடத்தியது. "பதிஞ்சிருக்காம் அண்ணி. ஏதோ இரும்புத் துண்டு, எலும்பாண்ட போய்க் கெட்டியா மாட்டிக்கினு கீதாம்." சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அண்ணி எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனாள். சாம்பல் நிற விரலுக்குள்ளே வெள்ளையாக, பாதிச் சீரகம் போல, ஒரு பக்கம் கூராக இருந்தது. அவளுக்கு அதைப் படித்துக் காட்ட யாரும் தேவைப்படவில்லை. ஊசிமுனையைப் பார்த்தால் தெரியாதா அவளுக்கு!

"அப்ப அது எங்கியும் போவலியா?" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. "எங்கயும் போகாதும்மா, பயப்படாதீங்க" என்றார். அண்ணி சிரித்தாள். நான் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பார்த்ததே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டாள். "எந்தக் கொழந்தைக்கும் குத்தல பாப்பா! எங்கிட்டியே கீது பாரு, எங்கிட்டியேதான் கீது!" என்றாள். வெளியே வந்து டீக்கடையில் அவளே இரண்டு டீ சொன்னாள். சர்க்கரை போட்ட டீ. வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனசு வரவில்லை. வழியில் போன ஒரு கைக்குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். நான் ஒரு முட்டாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் வந்து போயிற்று, எழுந்திருக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எங்கொழந்த ஏன் பாப்பா செத்துச்சு?"

அவளே மறுபடி கேட்டாள். "சொம்மாவா? ஒண்ணுமே இல்லாம, சொம்மாவே செத்துப்போச்சா?" பிறகு, இன்னும் மெதுவாக: "சொம்மாவேதான் வேணாம் வேணாம்னு இருந்துட்டனா நானு? அந்தாளுக்கு ஒரு கொழந்தயக் கூடத் தராம?"

எத்தனை வருஷமாக ஒரு சொல்லுக்கு நாலு சொல் எழுதிப் போடுகிறேன் பலகையில். அன்றைக்கு என்னிடம் ஒன்று கூட இல்லை. அந்த முனை ஒரு குழந்தையைக் குத்திவிட்டது என்ற எண்ணம் அவளைக் கொன்றுகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் தன் குழந்தை போனதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணமும் அதுதான். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று எத்தனை வருஷம் சண்டை போட்டேன். பிடுங்கியபிறகு அந்த இடத்தில் வைக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வயசு திரும்பி வர வழி எதுவும் இல்லையே.

அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். ஹாரனை மட்டும் சொல்லவில்லை. அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவினான். வெளியே போய், காலையில்தான் கழுவிய வேனைத் திரும்பவும் கழுவினான். ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தான். உள்ளே வந்து, "எங்க, காட்டு" என்று அவள் விரலை வாங்கிக்கொண்டான். மெஷின் மேலிருந்த காந்தத்தை எடுத்துத் துணியோடு விரல் மேல் வைத்தான். "இழுக்குது?" என்றான். "லேசா" என்றாள். எத்தனை தடவை அந்தக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையில் தவழ்ந்திருக்கிறாள்! வலது கையில் காந்தம், இடது விரலுக்குள் முனை. ஒரு தடவையாவது இந்தக் கையை அந்தக் கையோடு வைத்திருந்தால்? நான் இதை நினைக்காத நாளில்லை.

"எடுத்துடலாம்மே" என்று அண்ணன் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. "இருக்கட்டும்யா. அது ஒண்ணுதான் எங்கியும் போவாம எங்கூடவே இருந்துது" என்றாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கிண்டலாக, "நான் போனப்பறம் தேடி எடுத்துக்கங்க. கெடைக்கற வரிக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது, சொல்ட்டேன்" என்றாள். நாங்களும் சிரித்துவைத்தோம்.

அதற்குப் பிறகு அவள் குழந்தைத் துணி தைத்தாள். அவளே வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தைத்தாள். தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் வெள்ளை மல் துணியில் ஒரு சின்னச் சட்டை போகும். தைத்து முடித்ததும் காந்தத்தை அதன் மேல் வைத்து வைத்து எடுப்பாள், மடிப்பு மடிப்பாக. முன்பு வாய்க்கு வந்ததைப் பேசிய வீடுகளுக்கும் போயிற்று சட்டை. கொடுத்துவிட்டு வரும்போது முகம் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு அவள் எப்படி இருந்தாள் என்று அண்ணனுக்குத்தான் தெரியும். அவன் சொன்னதில்லை.

போன மழைக்குப் பிறகு காய்ச்சலில் படுத்தாள். சர்க்கரை உடம்பு, தாங்கவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அந்த விடுதலையையாவது கொஞ்ச காலம் அனுபவித்திருக்கலாம். யார் கேட்டார்கள்?

மறுநாள் காலையில் மயானத்துக்குச் சாம்பல் வாங்கப் போனோம். பொம்பளைகள் வரக்கூடாது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்; அண்ணன் "பாப்பா வரட்டும்" என்றுவிட்டான். ஊழியர் ஒரு அலுமினிய டிரேயில் சாம்பலைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். மஞ்சள் துணி. காந்தம். அவன் குந்தி உட்கார்ந்து, சாம்பலின் மேல் காந்தத்தை மெதுவாக நகர்த்த ஆரம்பித்தான், அவள் தரையில் நகர்த்துவது போலவே, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. துணியில் கறுப்புக் கறுப்பாக ஏதேதோ ஒட்டியது. பாடையில் கட்டிய கம்பியாக இருக்கலாம், ஆணியாக இருக்கலாம், அடுப்பிலிருந்து பெயர்ந்த துருவாக இருக்கலாம். எல்லாம் மிளகுத் தூள் அளவு, சீரக அளவு.

"இதுவா பாரு பாப்பா" என்றான். பார்த்தேன். "இதுவா?" இன்னொன்று. "முனை கூரா இருக்கும்ல? இது கூரா கீதா?" கண்ணில் தண்ணீர் வழிய, அதைத் துடைக்கக் கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றது. ஊழியர், "ஐயா, சீக்கிரம்" என்றார். வெளியே நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. "துண்டு கெடைக்காம எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறா பாப்பா. நான் எழுந்திரிக்கமாட்டேன்."

மறுபடியும் ஹாரன்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியில் ஒட்டியிருந்ததில், கொஞ்சம் நீளமாக இருந்த ஒன்றை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எது என்று எனக்கு எப்படித் தெரியும்? "இதோ அண்ணா" என்றேன். "கெடச்சிட்ச்சு. இதுதான்."

அவன் அதைக் குனிந்து பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான்! பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

அந்தத் துண்டு இப்போது அண்ணியின் குங்குமச் சிமிழில், அவள் படத்துக்கு முன்னால் இருக்கிறது. அண்ணன் அதைத் திறந்து காட்டாத ஆள் இல்லை. நான் பாடிக்குப் போகும்போதெல்லாம், டீ கொடுத்துவிட்டு, சிமிழைத் திறந்து, "இதானே பாப்பா? நீதான கண்டுபுடிச்ச?" என்று கேட்பான். "ஆமாண்ணா" என்பேன்.

காந்தத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதி எல்லாம் அந்த மஞ்சள் துணியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்றுதான் அண்ணியின் முனையாக இருக்க வேண்டும். பையை நான் பிரிப்பதில்லை.